வாத்தின் பையில் ஒரு டின்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இன்று மாலை வரை உறுதியாகியிருக்கும் தகவலை முதலில் சொல்லிவிடுகிறேன். "நான் பாத்து அவ அந்த டின்னுலேருந்து ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்ல." சொன்னவர் உன் மகளின் நீச்சல் பயிற்சியாளர். குளத்தின் ஆழமான பக்கத்துக் கரையில் நின்று, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என் முகத்துக்கு நேராகச் சொன்னார். என் மனைவியும் பக்கத்தில் நின்று கேட்டாள். ஆகவே எனர்ஜி டிரிங்க் விவகாரத்தில் உன் மகள் நிரபராதி. அவள் துணிமணிகளை எடுத்து வைக்கச் சொன்ன உன் உத்தரவை இந்தக் கடிதம் கண்டவுடன் நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்கு நான், என் மனைவி, உன் மகள் மூவரும் சுகம். அங்கு நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் நீ போனை எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்த பிறகு, "நீங்கள் அழைக்கும் நபர் தற்போது பதிலளிக்கவில்லை" என்று ஒரு பெண் சொல்கிறாள். அவள் சொல்லும் தொனியைப் பார்த்தால் அவளுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. அதனால்தான் கடிதம். உங்கள் அணை கட்டும் இடம் வரை எங்கள் பேப்பர் கட்டு ஏற்றிப் போகிற வண்டி இன்று மாலை கிளம்புகிறது. ஓட்டுநர் எனக்குப் பழக்கம். கீழே வந்து ஹாரன் அடிக்கிறேன், கொண்டுவந்து கொடுங்கள், உங்கள் அக்கா கையில் சேர்த்துவிடுகிறேன் என்றிருக்கிறார். ஹாரன் கேட்கும்வரை எனக்கு நேரம் இருக்கிறது.

நீ அனுப்பிய செய்தியை மறுபடி எடுத்துப் படித்தேன். "அவ டின்னு குடிக்கிறான்னு ரெண்டு பேர் சொல்லியாச்சு. ஒருத்தர் சொன்னா நம்பாதே, ரெண்டு பேர் தனித்தனியாச் சொன்னா எழுதுன்னு நீதானே எல்லாருக்கும் பாடம் எடுப்ப. வெள்ளிக்கிழமை ரயில்ல வர்றேன். அவ துணிமணிய எடுத்து வை." முப்பது வருஷ நிருபர் வேலையில் நான் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்த விதியை என் மேலேயே எறிந்திருக்கிறாய். எறிந்தது சரியான இடத்தில் பட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சனிக்கிழமை காலை ரிலே போட்டி. நான்கு பெண்கள், நான்கு விதமான நீச்சல். முதல் ஆள் மல்லாந்து நீந்த வேண்டும், அந்தப் பள்ளியில் மல்லாந்து நேராக நீந்தத் தெரிந்தது உன் மகள் ஒருத்திக்குத்தான். அவள் வெள்ளிக்கிழமை ரயில் ஏறினால் மற்ற மூன்று பேரும் சனிக்கிழமை கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவ்வளவு ஆற்றைத் தடுத்து நிறுத்துகிற வேலையில் இருக்கிறாய், நீந்துவதற்கு மட்டும் அங்கே இடமில்லை என்றுதானே அவளை எங்களிடம் விட்டாய். இப்போது கூட்டிக்கொண்டு போய் எங்கே நீந்த வைப்பாய்? ரயிலைப் பற்றி அவள் இதுவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நீ சொன்னபடி என் மனைவி பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்த சத்தத்தில் அவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இனி நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

போன வாரம் மழையில் நனைந்து வந்த வாத்தின் பையை (உன் மகளுக்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் அதுதான், தண்ணீரில் கோடு போட்டது போலப் போகிறாள், தரையில் நடந்தால் வாத்து) என் மனைவி காயவைப்பதற்காக மாடிப்படியின் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். பையிலிருந்து நீச்சல் கண்ணாடி விழுந்தது, சீப்பு விழுந்தது, அதற்குப் பிறகு மின்னல் படம் போட்ட ஒரு டின் விழுந்து, படி படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை "டொக்" என்று அறிவிப்புக் கொடுத்துக்கொண்டே இறங்கி, கீழ் வீட்டு வாசலில் போய் நின்றது. கீழ் வீட்டில் யார் இருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பணிக்காலம் முழுக்க ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சேவையை நிறுத்தாதவர், உனக்கு வாரம் ஒரு முறை போன் பண்ணுகிற உன் சிநேகிதி, டெலிபோன் அம்மா. கதவைத் திறந்தார். டின்னை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"இது யாரோடது தம்பி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என்னுடையது என்று சொல்லியிருந்தால் இன்னும் உத்தமம். ஆனால் பழக்கம் விடவில்லை. "இன்னும் உறுதியாகலைங்க. விசாரிச்சுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

மேலே வந்ததும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "விசாரிச்சுக்கிட்டிருக்கேன்னா என்னங்க அர்த்தம்? இருக்குன்னு அர்த்தம். நம்ம பேப்பர்ல 'விசாரணை நடக்கிறது'ன்னு போட்டா நான் அந்த ஆளு திருடன்னுதான் எடுத்துக்குவேன்."

"நான் எதையும் சொல்லலையே."

"அதைத்தான் சொல்றேன். நீங்க சொல்லாம விட்டதை அவங்க சொல்லி முடிச்சுடுவாங்க."

சரி, அந்த டின்னைப் பற்றி வாத்திடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். அங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. எங்கள் வேலையில் யார் மேல் புகாரோ அவரிடம் கடைசியாகத்தான் போவோம். முதலில் சுற்றி இருப்பவர்களிடம் கேட்டு, கிடைப்பதையெல்லாம் சேர்த்து, கையில் விஷயத்தை வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போவதற்கு முன்னால் "இதற்கு உங்கள் பதில் என்ன?" என்று கேட்பதுதான் முறை. முன்னாலேயே போய்க் கேட்டால் ஆள் உஷாராகிவிடுவார். இந்த முறையை வைத்து நான் ஒரு சர்க்கரை ஆலை மேலாளரை மாட்டவைத்திருக்கிறேன். பதினைந்து வயதுப் பெண்ணிடமும் அதே முறையைத்தான் கையாண்டேன். காலையில் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். அவள் என்னைப் பார்த்தாள், நான் பேப்பரைப் பார்த்தேன். "மாமா, ஏதாவது கேக்கணுமா?" என்றுகூடக் கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, சாப்பிடு" என்றேன்.

அன்றே நீச்சல் குளத்துக்குப் போனேன். வாசலில் ஒரு வேன் நின்றது, அதன் பக்கவாட்டிலும் அதே மின்னல். வேனுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு டின் நின்று, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சின்ன டின்களை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே மனிதர் இருந்தார். கண் இருக்கும் இடத்தில் வலை வைத்திருந்தார்கள், அதன் வழியாகப் பேட்டி எடுத்தேன்.

"பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா இதை?"

"குடுக்கச் சொல்லியிருக்காங்க சார்."

"நீங்க குடிப்பீங்களா?"

"உள்ளயே நான் வெந்துக்கிட்டிருக்கேன். இதையும் குடிச்சா நெஞ்சு ஓடுற ஓட்டத்துல டின்னு தனியா, நான் தனியாப் போயிடுவோம். பேர் போடாதீங்க சார்."

கையில் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். முன்பக்கம் மின்னல், புயல், பாயும் ஏதோ ஒரு மிருகம். பின்பக்கம், கோடு கோடாக இருக்கும் கட்டத்துக்குக் கீழே, எறும்புக்கு எழுதிய கடிதம் போல ஒரு வரி: குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. என் பூதக்கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்க முடியவில்லை. அந்த வரியைப் படிக்கக்கூடிய கண் குழந்தைகளுக்குத்தான் இருக்கிறது, ஆனால் எந்தக் குழந்தை டின்னின் பின்பக்கத்தைப் படிக்கிறது?

டின்னோடு வாசல் வாட்ச்மேனிடம் போனேன். வேறு யாரிடம் போவேன், யார் உள்ளே போகிறார்கள், கையில் என்ன கொண்டுபோகிறார்கள் என்பது அவருக்குத்தானே தெரியும். "எங்க வீட்டுப் பொண்ணு இதைக் குடிக்குதா, எப்பவாவது பாத்தீங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். "பாக்கலையே சார்" என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்து ஆபீசுக்குப் போய்விட்டேன். என் பக்கத்தில் முடிந்ததுதான். அவர் பக்கத்தில் அப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் ஆபீசில் ஒரு தவறு செய்தேன். பிள்ளைகளுக்கு இது பாதுகாப்பானதா என்று எழுதப்போகிறவன் அது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏற்கெனவே குடித்திருந்த டீக்களின் மேல், அந்த டின்னை முழுசாக இறக்கினேன். இருமல் மருந்தில் சோடா ஊற்றி அதில் மிட்டாய் கரைத்தது போல ஒரு ருசி. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உலகம் மிகத் தெளிவாகிவிட்டது அக்கா. பழுதான மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது என்று புரிந்தது. எல்லோருக்கும் போன் பண்ண வேண்டும் போல இருந்தது, பண்ணினேன். நகராட்சிப் பொறியாளரிடம் ஒரு சாக்கடை அடைப்பைப் பற்றிக் கேட்க ஆரம்பித்து, சாக்கடை என்ற சிந்தனையே மனிதனுக்கு எப்படி வந்தது என்பது வரை பேசினேன். அவர் இடையில் போனை மேஜைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. துணை ஆசிரியர் என் செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "அண்ணே, ஒரு தெரு சாக்கடைதான அடைச்சிருக்கு? ஊருக்கே வெள்ளம் வந்த மாதிரி எழுதியிருக்கீங்க."

"எதை வெட்டணுமோ வெட்டிக்கங்க."

"வெட்டினா தலைப்பு மட்டும்தான் மிஞ்சும், பரவால்லையா?"

அதற்குள் எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டது. விரல் நடுக்கத்தில் பேனா தானாகக் கையெழுத்துப் போட்டது. சரி, எப்படியும் ஒரு குழந்தை மருத்துவரின் கருத்து வேண்டும், அப்படியே நாடியையும் காட்டிவிடலாம் என்று பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு ஓடினேன். ஓடினேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள், நடக்க முடியவில்லை. அங்கே எல்லா நாற்காலியும் என் முழங்கால் உயரம். யானை படம் போட்ட ஒன்றில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை, எனக்குப் பின்னால் ஊசிக்கு வந்த இரட்டையர். முறை வந்ததும் மருத்துவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"குழந்தை எங்க?"

"பள்ளிக்கூடத்துல. அதுக்குப் பதிலா நான் குடிச்சுப் பாத்தேன்."

அவர் நாடியைப் பிடித்து, காதில் குழாயை வைத்துக் கேட்டு, தண்ணீர் கொடுத்து, "இன்னிக்கு டீயைத் தொடாதீங்க" என்றார். பிறகு நான் கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் உனக்கு உண்மையிலேயே உபயோகப்படும் பகுதி இதுதான்.

"சின்ன டின்னுல ஒரு நல்ல காபி அளவு காஃபின் இருக்கும். பெரிய டின்னுன்னா ரெண்டு காபி. ஆனா காபியை சூடா உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பாங்க, இதைப் பிள்ளைங்க தண்ணி மாதிரி ஒரே மூச்சுல இறக்குது. உடம்பு சின்னது, அதனால ஏறுறது அதிகம். தூக்கம் போகும், படபடப்பு, தலைவலி, எரிச்சல். தூங்காததால காலையில மந்தமா இருக்கும், அதுக்கு இன்னொரு டின்னு. சில பிள்ளைங்களுக்கு இதயத்துல கோளாறு இருக்கும், வீட்ல யாருக்கும் தெரிஞ்சே இருக்காது, அவங்களுக்கு இது விளையாட்டில்ல. சர்க்கரை எவ்வளவுன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்க இன்னொரு தடவை படபடப்பாயிடுவீங்க. இன்னொண்ணு, விளையாடுற பிள்ளைங்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்து குடுக்குற தண்ணி வேற, இது வேற. பெத்தவங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு அவங்களே வாங்கிக் குடுக்குறாங்க."

"அப்ப பாதுகாப்பானது இல்லையா?"

"பிள்ளைங்களுக்கும் வளர்ற வயசுல இருக்கறவங்களுக்கும் வேண்டாம். இதுதான் என் பதில். ஒரு டின்னு குடிச்சா உடனே ஏதாவது ஆயிடுமான்னு கேட்டா, பெரும்பாலும் ஆகாது. இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவுல இருக்கற இடத்துலதான் அந்த வேன் நிக்குது."

கிளம்பும்போது இரட்டையருக்குக் கொடுத்தது போல எனக்கும் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்தார். "சொன்னதைக் கேட்டீங்கன்னா ஒட்டிக்கலாம்."

இதற்கிடையில் ஊரில் என் கேள்வி தனியாக நடமாடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து குளத்தின் பக்கமாகப் போனேன். மூன்று பெண்கள் தண்ணீரில், வாத்து பெஞ்சில், மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, தலை காய்ந்து. வீட்டுக்கு வந்து இதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, விசாரணை முடியவில்லையே. அன்று மாலைதான் உன் செய்தி வந்தது. இரண்டு பேர். தனித்தனியாக. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது அக்கா, இரண்டு பேர் சொன்னால் நானே எழுதியிருப்பேனே.

என் மனைவிதான் இன்று என்னைக் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். "வாங்க. உங்க முறைப்படி கடைசியா கேக்கறதுக்குள்ள பொண்ணு ரயில் ஏறிடும்."

பயிற்சியாளரிடம் கேட்டேன், ஏன் அவளை உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று.

"என்ன சார் தெரியாத மாதிரி கேக்குறீங்க? உங்க வீட்டுப் பொண்ணு டின்னு குடிக்குதுன்னு உங்க வீட்லேருந்தே தகவல். எங்கிட்ட அதுக்கு ஒரே விதி, குடிச்சவங்க தண்ணியில இறங்கக் கூடாது."

"எங்க வீட்லேருந்து யார் சொன்னது?"

"வாட்ச்மேன் சொன்னார்."

வாசலுக்குப் போனோம். வாட்ச்மேன் எழுந்து நின்றார். "ஆமா சார், நான்தான் மேடம்கிட்ட சொன்னேன்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான் சார்."

"நான் கேட்டேன். சொல்லலையே."

"பேப்பர்க்காரர் தெரியாமக் கேப்பாரா சார்? தெரிஞ்சதைத்தான் கேப்பீங்க. என் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன், அந்தத் தண்ணியைத் தொடாதே, ரிப்போர்ட்டர் வீட்டுப் பிள்ளையே கெட்டுப்போச்சுன்னு."

என் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகை அல்ல.

ஆகவே உன் இரண்டு ஆதாரங்களின் கதை இதுதான். முதல் ஆதாரம் டெலிபோன் அம்மா. அவருடைய ஆதாரம் நான். இரண்டாவது ஆதாரம் பயிற்சியாளர், தாயாரின் எண் அவரிடம் இருக்குமே. அவருடைய ஆதாரம் வாட்ச்மேன். வாட்ச்மேனின் ஆதாரம் நான். நான் கேட்ட கேள்வியே இரண்டு வழியாகச் சுற்றி மலையேறி உன்னிடம் வந்து, அங்கிருந்து செய்தியாக என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. இரண்டும் தனித்தனி ஆதாரமல்ல, ஒரே முட்டாள்.

அடுத்து அந்த டின். பையில் டின் இருந்ததே என்று தயங்கித் தயங்கிப் பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் விசில் தானாக ஊதியது. "அட, நெத்தி டின்னா?" என்றார். மல்லாந்து நீந்துகிறவர்கள் தலையை ஆட்டக் கூடாதாம். அதைப் பழகுவதற்கு நெற்றியில் ஒரு பிளாஸ்டிக் கப்பை வைத்துக்கொண்டு, அது விழாமல் நீந்துவார்களாம். மற்ற பெண்கள் கப் வைக்கிறார்கள், உன் மகள் காலி டின் வைக்கிறாள், அது லேசானது, இம்மி அசைந்தாலும் விழுந்துவிடும், அதில் பழகினால் தலை கல் மாதிரி நிற்கும் என்று அவளாகவே கண்டுபிடித்த முறையாம். "செஞ்சு காட்டு" என்றார் பயிற்சியாளர். வாத்து துண்டை எடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். மின்னல் படம் போட்ட டின் அவள் நெற்றியில் நின்றபடி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, யாரோ கயிறு கட்டி இழுப்பது போலப் போனது. வாட்ச்மேன்கூட வாசலை விட்டுவிட்டு வந்து பார்த்தார். அந்த டின் இத்தனை அடக்கமாக வேறு எங்கும் நடந்துகொண்டிருக்காது.

"அவகிட்ட நீங்க கேட்டீங்களா, குடிச்சியான்னு?" என்று பயிற்சியாளரிடம் என் மனைவி கேட்டாள்.

"கேட்டேங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அதனாலதான் உக்கார வெச்சேன்."

ரோஷக்காரப் பெண், பொய்க் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மனசு வந்திருக்காது, உன் மகள் அல்லவா. இப்போது மறுபடி அணியில் சேர்த்துவிட்டார்கள்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். வெள்ளிக்கிழமை நீ வா, தாராளமாக வா, ஆனால் அழைத்துப்போக வராதே, பார்க்க வா. வேன் பற்றி நான் எழுதிய செய்தி நாளைய பேப்பரில் வருகிறது, சாக்கடையை விடச் சுருக்கமாக. பிள்ளைகள் வரும் வாசலில் அது நிற்கலாமா என்று நகராட்சி திங்கட்கிழமை சொல்வதாக இருக்கிறது. பொறியாளர் என் போனை இப்போது உடனே எடுக்கிறார், எடுத்ததும் "சுருக்கமாச் சொல்லுங்க" என்கிறார்.

அத்தானுக்கு என் அன்பு. இந்த விஷயத்தில் அவர் இதுவரை ஒரு கருத்தும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன், குடும்பத்தில் ஒருவராவது அப்படி இருப்பது நல்லது. நீ கட்டுகிற அணை கசியாமல் நிற்கட்டும். தண்ணீரையாவது தடுக்க முடிகிறது, இங்கே ஒரு வாக்கியத்தைத் தடுக்க முடியவில்லை. உன் கோபம் குறைய என் பணிவான வாழ்த்துகள், வயதில் சின்னவனாக இருந்தாலும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: கீழே ஹாரன் அடித்துவிட்டது. உறையில் போடுவதற்கு முன் கடிதத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. அவகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

"டின்னு எதுக்குன்னுதான் தெரிஞ்சுபோச்சே."

"டின்னை விடுங்க. உள்ள இருந்தது எங்க போச்சு?"

அக்கா, எனக்கு அது தோன்றவே இல்லை. கடைசியாகக் கேட்க வேண்டியவளைக் கடைசியாகக்கூடக் கேட்கவில்லை. கூப்பிட்டேன். வந்து நின்றாள். முதல் முறையாக நேராகக் கேட்டேன், "குடிச்சியா?"

"பாதி" என்றாள்.

வேன் வந்த முதல் நாள், நேரம் குறித்துப் பார்க்கும் பயிற்சிக்குப் போகும்போது டின் மனிதர் கொடுத்திருக்கிறார். பாதி குடித்திருக்கிறாள். கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசிலுக்குக் காத்திருக்கும்போது நெஞ்சு காதில் கேட்டிருக்கிறது, கை வழுக்கியிருக்கிறது, கடைசியாக வந்திருக்கிறாள். பயந்துபோய் மீதியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, காலி டின்னை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள். "எதுக்காவது உபயோகப்படட்டும்னு" என்றாள். பயிற்சியாளர் கேட்டபோது தலை குனிந்தது ரோஷத்தில் அல்ல. அவர் எனக்குச் சொன்னதிலும் "நான் பாத்து" என்ற இரண்டு வார்த்தைகள் இருந்தன, நான்தான் கவனிக்கவில்லை. ஆகவே முதல் பத்தியில் "நிரபராதி" என்று இருப்பதைத் திருத்திப் படித்துக்கொள்ளவும்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னம்மா சொல்லுவா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியுமே. அன்னிக்கே போன்ல சொல்லிட்டேன். மாமா கேட்டா மறைக்காம சொல்லுன்னாங்க. நானும் நீங்க கேப்பீங்கன்னு தெனம் காலையில உக்காந்திருந்தேன். நீங்க வாட்ச்மேன்கிட்ட கேட்டீங்க."

"அப்ப அம்மா சொன்ன அந்த ரெண்டு பேர்?"

"கீழ் வீட்டு அம்மா ஒண்ணு. நான் ஒண்ணு. எங்க கோச் இதுவரைக்கும் அம்மாகிட்ட பேசினதே இல்ல மாமா. அம்மாவுக்கு நான் குடிச்சதுல கோபமில்ல. வீட்ல இருக்கற என்கிட்ட கேக்காம ஊர் பூராக் கேட்டிருக்கீங்க, அது போன்ல அவங்களுக்கே வருது, அந்தக் கோபம்."

ஆக, உன் ஆதாரங்கள் இரண்டும் தனித்தனியானவைதான், உன் செய்தியும் சரியானதுதான். மேலே நான் எழுதிய எதுவும் அப்படி இல்லை. முழுசாகத் திருப்பி எழுத நேரமில்லை, ஓட்டுநர் இரண்டாவது ஹாரன் அடிக்கிறார், டெலிபோன் அம்மா வாசலுக்கு வந்து அவரிடம் என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்னும் உறுதியாகாதவை மூன்று. பயிற்சியாளரிடம் உண்மையைச் சொல்லப்போவதாக வாத்து சொல்கிறாள், நாளைக் காலைப் பயிற்சிக்கு முன்னால், அவளாகவே. சனிக்கிழமை நீந்துவாளா என்பது அதற்குப் பிறகு தெரியும். நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மாமா, நீங்க வாசல்ல நின்னு வாட்ச்மேன்கிட்ட பேசுவீங்க" என்றாள். அடுத்தது, நீ வருவது. வருகிறாய் என்பது உறுதி, எதற்கு என்பது வெள்ளிக்கிழமை ரயில் வந்தால் தெரியும். உனக்கு என்னம்மா வேணும் என்று அவளிடமே கேட்டேன், சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன்: "சனிக்கிழமை நீந்தணும். அம்மா வந்து பாக்கணும். அதுக்கப்புறமும் இங்கயே இருக்கணும், மாமா என்கிட்ட முதல்ல கேப்பாருன்னா." இது ஒரே ஒருவர் சொன்னது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

மூன்றாவது, துணிப்பெட்டி. அது இன்னும் கட்டிலுக்கு வெளியேதான் இருக்கிறது. உள்ளே தள்ளலாமா என்று ஒரு வரி எழுது. அல்லது இன்று ராத்திரி நான் கூப்பிடும்போது போனை எடு.